மேனேஜரின் தீனி

ஜனவரி 11

மதிப்பிற்குரிய சுரங்கப்பாதை என்ஜினீயர் அவர்களுக்கு,

நான் நலம். மாடிப்படி ஏறும்போது மட்டும் வலது முழங்கால் தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறது. தங்கள் இருமல், தூக்கம், தலையணை எத்தனை ஆகிய விவரங்களை வரிசைப்படி தெரிவிக்கவும்.

இனிமேல் கடிதம்தான் என்று முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. போனில் நீங்கள் "சரி" என்கிறீர்கள், நான் "ம்" என்கிறேன். இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் பேசுகிற பேச்சா அது? நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. இன்னும் ஏழு.

கொசுவை ஒழிக்க உங்கள் மனைவி கொசு வளர்க்கிறாள் என்று அங்கே எல்லோரும் சிரிப்பதாக உங்கள் முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். நாங்கள் வெளியே விடுவது ஆண் கொசு; அது கடிக்காது. அதற்குள் ஒரு மரபணுவைச் சேர்த்திருக்கிறோம். அது வேலை செய்தால் கொசு புழுவாக இருக்கும்போதே செத்துவிடும். ஆய்வகத்துத் தண்ணீரில் டெட்ராசைக்ளின் மருந்தைக் கலக்கிறோம். மருந்து இருக்கும்வரை அந்த மரபணு வாயை மூடிக்கொண்டிருக்கும். வெளியே குட்டையிலும் வாளியிலும் மருந்து ஏது? அங்கே அவற்றுக்குப் பிறப்பவை இறக்கை முளைக்கும் முன்பே முடிந்துபோகும். ஊரில் காய்ச்சல் குறையும். "ஐயோ, பாவம்மா அதுங்க" என்கிறார் கீழ்வீட்டு அக்கா, சொல்லும்போதே தன் கையில் ஒன்றை அடித்துக்கொண்டு.

மேனேஜர் நலம். நீங்கள் வைத்த பெயருக்குக் குறைவில்லாமல், ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் நாற்காலியை விட்டு இறங்குவதில்லை. பதினான்கு வயதுப் பூனைக்கு இவ்வளவு அதிகாரம் ஆகாது. உறையை ஒட்டும்போது அவருடைய முடி ஒன்று பசையில் மாட்டிக்கொண்டது. எடுக்க வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கொசு வளர்ப்பவள்


ஜனவரி 27

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இருமல் பாதி போயிற்று. தலையணை இரண்டு. தூக்கம், லாரிச் சத்தம் அனுமதிக்கிற அளவுக்கு. உன் முழங்காலுக்கு என் விசாரிப்பைச் சொல்.

என் அறை தகரக் கொட்டகை. கட்டில், மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் சிமெண்டு மூட்டை அடுக்கு. மலைக்குள் ஒரு நாளைக்கு மூன்று மீட்டர் போகிறோம். மலை எங்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்று தெரியவில்லை.

முடி வந்து சேர்ந்தது. வெள்ளையாக இருந்ததால் முதலில் உன்னுடையது என்று நினைத்துவிட்டேன். மன்னிக்கவும். பிறகு அளவுகோலில் வைத்துப் பார்த்தேன்: நான்கு சென்டிமீட்டர். மேனேஜர்தான். டைரியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஏப்ரலில் பத்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். மேஸ்திரி என்னைச் சும்மா விடவில்லை. "என்ன சார், வீட்டம்மாவப் பார்க்கவா?" என்றார். "இல்லப்பா, பூனையப் பார்க்க" என்றேன். "நம்புறேன் சார், நல்லாவே நம்புறேன்" என்று சொல்லி, வெல்டிங் ஆட்களையெல்லாம் கூப்பிட்டு அவர்களையும் நம்பவைத்தார்.

மேனேஜர் என்ன சாப்பிடுகிறார், எப்போது தூங்குகிறார், மழை பெய்தால் இன்னும் அலமாரிக்குப் பின்னால் ஒளிகிறாரா? விவரமாக எழுது. ஒரு வரியில் முடிக்காதே.

அன்புடன்,
என்ஜினீயர்


பிப்ரவரி 19

மதிப்பிற்குரிய என்ஜினீயர் அவர்களுக்கு,

நலம். இருமலின் மறுபாதியையும் கவனிக்கவும்.

என் முடியைப் பற்றிய கருத்து கோப்பில் சேர்க்கப்பட்டது. உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்படும்.

மேனேஜர் மழையென்றால் இன்னும் அலமாரிக்குப் பின்னால்தான். கொஞ்சம் இளைத்திருக்கிறார். கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனேன். "வயசு என்னம்மா?" என்றார். "எனக்கா, இவருக்கா?" என்றேன். மருத்துவர் சிரிக்கவில்லை. சிறுநீரகம் களைத்திருக்கிறது என்றார். கோழி இறைச்சி சேர்த்த ஒரு உலர் தீனியை எழுதிக் கொடுத்தார். பத்துக் கிலோப் பைதான் கிடைத்தது. இன்று பிரித்தேன். ஒரு நாளைக்கு ஐம்பது கிராம், ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பழைய தராசில் நிறுத்து வைக்கிறேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டார். இருநூறு நாள் வரும். நீங்கள் ஆகஸ்டு கடைசியில் திரும்பும்போது அடியில் ஒரு பிடி மிச்சம் இருக்கும்.

ஏப்ரலில் பத்து நாள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அலமாரியைத் துடைத்து வைத்தேன், தூசிக்காக. கட்டாயமில்லை. அங்கே வேலை இருந்தால் வேலையைப் பாருங்கள்.

இப்படிக்கு,
கொசு வளர்ப்பவள்


மார்ச் 14

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நம் அதிகாரியும் எப்படி?

லீவு ரத்து. மலைக்குள் ஓரிடத்தில் தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது. அடைத்தால் பக்கத்தில் வருகிறது. அதை அடைத்தால் மேலே வருகிறது. யாரையும் அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் பெரிதாகச் சண்டை போடவில்லை. நீயும் கட்டாயமில்லை என்றுதானே எழுதியிருந்தாய்.

மேனேஜரிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அவர் கோபக்காரர்.

அவருடைய சிறுநீரகத்தைப் பற்றி அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுது.

அன்புடன்,
என்ஜினீயர்


ஏப்ரல் 20

மதிப்பிற்குரிய என்ஜினீயர் அவர்களுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை.

புழுக்களுக்கு நாங்கள் போடுவது மீன் தீனி, பொடியாக. அது துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று கடைசியில் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தோம். இல்லாவிட்டால் நாற்பதாயிரம் புழு பட்டினி. ஜூனில் முதல் தொகுதியை ஊருக்குள் விட வேண்டும். நகராட்சியில் மூன்று கூட்டம் நடந்து, நான்காவதில்தான் சம்மதித்தார்கள். இந்த நிலையில் தீனி இல்லை என்று போய் நிற்க முடியாது.

மேனேஜரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லீவு ரத்தானதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் பெரும்பாலும் பின்பக்கம், எலுமிச்சை மரத்தடியில்தான் இருக்கிறார். சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்வதில்லை. உங்கள் நாற்காலியைத் துடைத்து ஜன்னலோரமாகப் போட்டிருக்கிறேன்.

உங்கள் தண்ணீர் அடைபட்டதா?

இப்படிக்கு,
கொசு வளர்ப்பவள்


மே 9

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நலம். தண்ணீர் அடைபட்டது. பதினேழு இடத்தில் தேடினோம். பதினெட்டாவது இடம், நாங்களே போன வருடம் துளைபோட்டு மூட மறந்த இடம். அதில் யாருமே கை வைக்கவில்லை, நம் வேலைதானே என்று.

இந்தத் தடவை உறையில் முடி எதுவும் இல்லை. வீட்டைப் பெருக்க ஆரம்பித்துவிட்டாயா?

ஒரு விஷயம். கம்பெனியில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். மலையின் மறுபக்கத்திலிருந்து இன்னொரு பாதை. ஜூலை 31க்குள் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் ஆகஸ்டு கடைசியில் மூட்டை கட்டலாம். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

மேனேஜரைக் கேட்டுச் சொல். அவர் என்ன சொல்கிறாரோ அப்படியே செய்கிறேன்.

அன்புடன்,
என்ஜினீயர்


ஜூன் 3

மதிப்பிற்குரிய என்ஜினீயர் அவர்களுக்கு,

நலம் என்று வழக்கம்போல எழுதிவிடுகிறேன்.

மேனேஜரிடம் கேட்டேன். பதில் இல்லை. இரண்டு வருடம் பெரிய விஷயம். உங்கள் தொழிலுக்கு எது நல்லது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இங்கே சரியில்லை. கொசுவை வெளியே விடும் முன்பு ஒரு சோதனை உண்டு. நூறு புழுவை மருந்தில்லாத தண்ணீரில் வளர்ப்போம். அவை சாக வேண்டும். எப்போதும் மூன்று பிழைக்கும். அது எல்லா ஆய்வகத்திலும் அப்படித்தான். இந்தத் தடவை பதினேழு பிழைத்தது. திரும்பச் செய்தேன்: பதினாறு. தட்டின் மேல் கட்டிய வலையில் பதினாறும் உட்கார்ந்து, சாவகாசமாகக் கால் தேய்த்துக்கொண்டிருந்தன. சாகாதவற்றைப் பார்த்து இவ்வளவு பயந்தது இதுதான் முதல் தடவை.

மரபணு கெட்டுவிட்டது என்றால் ஒன்பது வருட வேலை அவ்வளவுதான். ஊருக்குள் ஒன்றையும் விட முடியாது. விடச் சம்மதித்த நகராட்சிக்காரர்கள் முகத்தில் விழிக்கவும் முடியாது. தேதியைத் தள்ளிப் போட்டாயிற்று. இயக்குநர் அறைக்கதவு இப்போது சாத்தியே இருக்கிறது.

மரபணுவைப் பிரித்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறது. தண்ணீரைச் சோதித்தேன். தட்டு, குழாய், கையுறை எல்லாம் பார்த்தாயிற்று. எங்கேயும் மருந்து இல்லை. பின் எதைக் குடித்து உயிரோடு இருக்கின்றன?

இப்படிக்கு,
கொசு வளர்ப்பவள்


ஜூன் 16

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

சாப்பிடுகிறாயா? நீ இப்படி இருக்கும்போது நின்றுகொண்டே எதையாவது வாயில் போட்டுக்கொண்டு ஓடுவாய். உட்கார்ந்து சாப்பிடு. ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி சும்மா இருப்பதாகக் கேள்வி.

எனக்குக் கொசு தெரியாது, ஒழுக்குத்தான் தெரியும். எதையெல்லாம் சோதித்தாய் என்று பட்டியல் போட்டிருக்கிறாய். எதைச் சோதிக்கவில்லை என்று ஒன்று போடு. உன் கை பட்ட இடமாகப் பார். பதினெட்டாவது ஓட்டை எங்களுக்கு அங்கேதான் கிடைத்தது.

படிவம் மேசையில் இருக்கிறது. மேல் ஒரு கல்லை வைத்திருக்கிறேன், காற்றுக்காக.

மேனேஜர் எப்படி இருக்கிறார்?

அன்புடன்,
என்ஜினீயர்


ஜூலை 6

மதிப்பிற்குரிய என்ஜினீயர் அவர்களுக்கு,

நலம். உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். அந்த நாற்காலியில் இல்லை.

கண்டுபிடித்துவிட்டேன். பட்டியல் போடச் சொன்னீர்கள். போட்டேன். நான் சோதிக்காதது ஒன்றே ஒன்று: தீனி.

மீன் தீனி வராதபோது கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது நான் வீட்டிலிருந்து கொண்டுபோனது. பூனைத் தீனி, எட்டரைக் கிலோ. அரைத்து, சலித்து, டப்பாவில் போட்டு வைத்தேன். சோதனைத் தட்டுகளுக்கும் அதுதான் போயிற்று. அதில் கோழி இறைச்சி இருக்கிறது. கோழிப் பண்ணைகளில் நோய் வராமலிருக்க இதே டெட்ராசைக்ளின் மருந்தைத்தான் கொடுக்கிறார்களாம். அது கோழியில் தங்கி, தீனியில் தங்கி, எங்கள் புழுவின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அளந்து பார்த்தால், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவு. அந்தச் சந்தேகத்தின் பேரிலேயே பதினேழு உயிர் ஓடியிருக்கிறது. இவ்வளவு கொஞ்சத்தை வைத்துக்கொண்டு ஒன்று பிழைத்துக் கிடக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

ஒரு மாதம் நான் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். தினமும் கையில் எடுத்த அந்த டப்பாவை மட்டும் பார்க்கவே இல்லை.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன்.

"பூனைத் தீனியா? எப்படி உள்ள வந்துச்சு டாக்டர்?"

"நான்தான் சார் கொண்டுவந்தேன்."

"பதிவேட்டுல எழுதலையா?"

"இல்ல."

"நீங்களா? பென்சில் சீவுனாக்கூட தேதி போடுற ஆளாச்சே நீங்க!" பதிவேட்டை மூடி வைத்தார். "அது சரி, எட்டரைக் கிலோவ இங்க கொண்டுவந்துட்டீங்க. வீட்டுல பூனைக்கு என்ன போட்டீங்க?"

நான் கையிலிருந்த டப்பாவின் மூடியை இறுக்கினேன். அவர் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கி வைத்தார். பிறகு, "அது அறிக்கையில வேண்டாம்" என்றார்.

எழுத்தில் ஒரு கண்டிப்பு வரும். வரட்டும். மரபணு நன்றாக இருக்கிறது. புதுத் தீனியில் மறு சோதனை நடக்கிறது.

இப்படிக்கு,
கொசு வளர்ப்பவள்


ஜூலை 15

அன்புள்ளவளுக்கு,

நலமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

பிப்ரவரி 19ஆம் தேதி பத்துக் கிலோப் பையைப் பிரித்தாய். ஒரு நாளைக்கு ஐம்பது கிராம். நீ ஆய்வகத்துக்குக் கொண்டுபோனது எட்டரைக் கிலோ. அப்படியானால் மேனேஜர் சாப்பிட்டது ஒன்றரைக் கிலோ, முப்பது நாள். மார்ச் 20. கணக்கு சரியா?

இந்தக் கணக்குக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். ஏப்ரல் கடிதத்தில் தெரிந்துவிட்டது. பதினான்கு வருடத்தில் மேனேஜர் மண்ணில் கால் வைத்ததுண்டா? ஈரத்தரையைக் கண்டாலே கோர்ட்டுக்குப் போகிறவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். அவர் எலுமிச்சை மரத்தடியில் இருக்கிறார் என்று நீ எழுதியபோது நான் வெளியே போய் அந்தச் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி, "என்ன சார், வீட்டுல ஏதாவது?" என்றார். "ஒண்ணுமில்லப்பா, பூனை" என்றேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

நீ பொய் எழுதவில்லை. ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. உனக்குப் பொய் எழுத வராது. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

தெரிந்த பிறகும் ஏன் அவரை விசாரித்தேன் என்று நீ கேட்பாய். அவரைப் பற்றி என்றால்தான் நீ நான்கு வரி எழுதுவாய். உன்னைப் பற்றி என்றால் முழங்கால், அதோடு சரி. எனக்கு அந்த நான்கு வரி வேண்டியிருந்தது.

படிவம் கல்லுக்கு அடியிலேயே இருக்கிறது. 31ஆம் தேதி மத்தியானம் வாங்க வருவார்கள்.

நான்


ஜூலை 22

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தது. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். 27ஆம் தேதி கிடைக்கும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். கிடைக்குமா கிடைக்காதா என்று இரண்டு தடவை கேட்டேன். அந்தப் பெண் மூன்றாவது தடவைக்குத் தயாராக இருந்தாள்.

கணக்கில் இரண்டு நாள் பிழை. மார்ச் 22. கடைசி இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை.

காலை எட்டரை மணி. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் நாற்காலியில் படுத்திருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினேன், அவ்வளவுதான். வலி இருந்த மாதிரித் தெரியவில்லை. கீழ்வீட்டு அக்கா மண்வெட்டி கொடுத்தார். "நான் வெட்டட்டா?" என்றார். நானே வெட்டினேன். வேர் நிறைய. கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தால் தபால் பெட்டியில் உங்கள் கடிதம்: லீவு ரத்து.

இரண்டையும் ஒரே பதிலில் எழுத எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வருவதாகச் சொன்னது அவரைப் பார்க்கத்தான். அவர் இல்லையென்று எழுதிவிட்டால் எதைச் சொல்லி வருவீர்கள் என்று யோசித்தேன். நான் இருக்கிறேன் என்று எழுதியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. தோன்றியது, எழுதவில்லை.

அந்தப் பை சமையலறை மூலையில் இருந்தது. தினமும் காலையில் என்னையறியாமல் கை தராசுக்குப் போனது. ஒரு நாள் தூக்கிக்கொண்டுபோய் ஆய்வகத்தில் வைத்துவிட்டேன். யாராவது சாப்பிடட்டும் என்று.

மறு சோதனை முடிந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு போய்விட்டது. மூன்று இருக்கிறது. இயக்குநர் கதவைத் திறந்து வெளியே வந்து கை கொடுத்தார். நகராட்சி செப்டம்பரில் விடச் சொல்லியிருக்கிறது. நான் தட்டுகளைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தேன். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஒரு கால் ஆடுகிறது. இவ்வளவு நாள் அவர் எப்படிச் சமாளித்தார் என்று தெரியவில்லை.

மேனேஜரைக் கேட்டுச் சொல் என்று மே மாதம் எழுதினீர்கள். மேனேஜர் இல்லை. ஆகவே நான் சொல்கிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். வாருங்கள்.

இதைத் திரும்பப் படித்தால் அடியில் "கட்டாயமில்லை" என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன். படிக்காமல் ஒட்டுகிறேன்.

உங்கள் மனைவி

பி.கு.: பசையில் ஒரு வெள்ளை முடி ஒட்டியிருக்கும். அளவுகோலை எடுக்க வேண்டாம். இது என்னுடையது.